பிய்த்துத் தின்னும் ரொட்டி

ஆரஞ்சைத் துருவும்போது கவிப்பிரியா மூச்சை அடக்கிக்கொள்வாள். பழத்தின் மேல்தோல் மட்டும்தான் வரவேண்டும். அதற்கு அடியில் இருக்கும் வெள்ளையில் துருவியின் பல் பட்டுவிட்டால் ரொட்டி முழுக்கக் கசந்துபோகும். இரண்டு இழுப்பு இழுப்பாள், பழத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பாள், அப்புறம்தான் மூச்சு விடுவாள். தட்டில் விழுந்த துருவலை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்து, "கசக்குதா? இல்லியே? லைட்டா கீதோ?" என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். மனசு ஒப்பவில்லை என்றால் அதைக் கொட்டிவிட்டு வேறொரு பழத்தை எடுப்பாள்.

நூம்பலில் ஒரு மாடி வீட்டின் சமையலறை. ஜன்னலுக்கு வெளியே பாதியில் நிற்கிற வீடொன்றின் கம்பிகள், அதையும் தாண்டினால் ஒரு காலி மனையில் நாள் முழுக்க அசைபோடும் எருமைகள். சமையல் மேடையில் ஓவன் இருக்கும் இடம் போக மீதி இடத்தில்தான் அவள் மாவு பிசைய வேண்டும், சப்பாத்திக் கட்டையால் தேய்க்க வேண்டும், நறுக்க வேண்டும்.

அவள் செய்வது ஆரஞ்சு மணக்கும் இனிப்பு ரொட்டி. ஆங்கிலத்தில் ஏதோ நீளமான பேர் உண்டு. ஆர்டர் கொடுப்பவர்கள் 'பிச்சி சாப்பிடற பன்' என்று சொல்லிவிடுகிறார்கள். ஈஸ்ட் போட்டுப் பொங்கிய மைதா மாவை அகலமாகத் தேய்த்து, வெண்ணெய் தடவி, ஆரஞ்சுத் துருவலோடு கசக்கிய சர்க்கரையைத் தூவி, பட்டை பட்டையாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, சதுரமாக வெட்டி, சீட்டுக்கட்டை நிறுத்துகிற மாதிரி நீள டின்னில் நிறுத்தி வைப்பாள். இன்னொரு தரம் பொங்கவிட்டு வேகவைத்தால் ஏடு ஏடாக நிற்கும். கத்தி வேண்டாம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு ஏடாகப் பிய்த்துத் தின்ன வேண்டியதுதான்.

செய்து முடிப்பதற்குள் அவள் படுகிற பாடு பார்ப்பவர்களைக் களைப்பாக்கிவிடும். ஈஸ்ட் பொட்டலத்தில் தேதியைப் பார்ப்பாள், பார்த்ததை நம்பாமல் கணவன் தினேஷிடம் நீட்டி, "இது நவம்பர்தானே?" என்பாள். பொங்குகிற மாவை ஈரத்துணி விலக்கி விலக்கிப் பார்ப்பாள். ஓவன் முன்னால் தரையில் குந்திக்கொண்டு செல்போன் டார்ச்சைக் கண்ணாடிக்குள் அடிப்பாள். டியூப் லைட் ஒரு தரம் சிமிட்டினால் போதும், "ஐயோ, கரண்டு போவப்போவுது" என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள். வெளியே கிளம்பினால் பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, கேஸை மூடினோமா என்று பார்க்க வீட்டுக்கு ஓடிவருவாள். ரொட்டி வாங்கிப் போனவர்களுக்கு அன்று சாயங்காலமே குரல் செய்தி போகும். நன்றாக இருந்ததா என்று கேட்கமாட்டாள். "கசக்கலையே?" என்றுதான் கேட்பாள்.

"நீ கம்பெனிய உட்டு வந்துட்ட கவி, கம்பெனி உன்ன உட்டு வரல" என்பான் தினேஷ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருந்தவள் அவள். கையில் அளவுகோலோடு நாள் பூராவும் குறை தேடுவதுதான் வேலை. ஆனால் பயத்துக்குக் காரணம் அந்த வேலை மட்டுமில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

கவிப்பிரியாவின் அம்மா முனியம்மா, தினேஷ் வீட்டுக் கழனியில் நாற்று நட்டவள். திருமழிசையைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். ஊர்த்தெருவில் தினேஷின் வீடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனியில் கவிப்பிரியாவின் வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனால் இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்டது அம்பத்தூரில், கம்பெனி கேன்டீன் வரிசையில். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது.

தினேஷின் அப்பா உயிரோடு இருந்தவரை அந்த வீட்டிலிருந்து யாரும் நூம்பலுக்கு எட்டிப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு அம்மா வசந்தா எப்போதாவது வரத் தொடங்கினாள். வருவாள், நாற்காலியில் உட்காருவாள், மகனிடம் ஊர்க்கதை பேசுவாள். கவிப்பிரியா காப்பி கொண்டுவந்தால், "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்னு சொல்லு தினேசு" என்பாள். தண்ணீர் கொண்டுவந்தால் தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தொண்டையை நனைத்துக்கொள்வாள். கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் கவிப்பிரியாவுக்குத் தாங்கவில்லை. திட்டினால் திருப்பிச் சொல்லலாம். 'இப்பதான் குடிச்சேன்' என்பதற்கு என்ன சொல்வது?

ஐந்தாறு மாதத்துக்கு முன்னால்தான் அந்த ஆர்டர் வந்தது. சாவித்திரி என்று அவளுடைய பழைய கம்பெனித் தோழி ஒருத்தி. ஆர்டர் பிடித்துத் தருவதும், ஸ்கூட்டரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவள்தான். அன்றைக்கு அவள் சொன்ன விலாசத்தைக் கேட்டதும் கவிப்பிரியா மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தினேஷின் அண்ணன் வினோத்தின் வீடு. வசந்தா இருக்கிற வீடு. வினோத்தின் மனைவி மோகனப்பிரியா எங்கேயோ ஒரு விசேஷத்தில் இந்த ரொட்டியைத் தின்றுவிட்டு, விசாரித்து விசாரித்து சாவித்திரியைப் பிடித்திருக்கிறாள்.

"யார் செய்றதுன்னு கேட்டா இன்னாடி சொல்றது?" என்றாள் சாவித்திரி.

"பூந்தமல்லி பக்கம் ஒரு அக்கான்னு சொல்லு. என் பேர எடுத்துடாத. உன் கால்ல உழறேன்."

ரொட்டி போனது. மறுநாள் சாவித்திரி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த ஊட்டுப் பெரியம்மா கீதே, அது ரெண்டாவது தபா கேட்டு வாங்கித் துன்னுச்சாம்." கவிப்பிரியாவும் சிரித்தாள். சாவித்திரி போன பிறகு, கழுவி வைத்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவினாள். சந்தோஷமா, கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு மாதம் ஒரு தரமாவது ரொட்டி போய்க்கொண்டிருந்தது. தினேஷிடம் சொல்லவில்லை. அவன் கொதிப்பான். தன் அம்மாவிடம் மட்டும் போனில் சொன்னாள்.

முனியம்மா பிடித்துக்கொண்டாள். "ஒளிஞ்சிகினு இன்னாத்துக்குடி ஊட்டற? துன்னா தெரிஞ்சி துன்னட்டும். இல்லாட்டி போவட்டும். நீ ஏன் பயந்து சாவற?"

"தெரிஞ்சா பெரிய சண்டையாயிடும்மா."

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு முனியம்மா போனை வைத்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் வசந்தாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். வினோத் வீட்டில் மாடி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. சிமென்ட் தூசி கண்ணுக்கு ஆகாது, ஒரு வாரம் வேறெங்காவது இருக்கட்டும் என்றார் டாக்டர். தினேஷ் போய் அம்மாவை அழைத்துவந்துவிட்டான். ஒரு கண்ணில் துணி, அதற்குமேல் கறுப்புக் கண்ணாடி, கையில் ஊர்த் தண்ணீர் ஒரு கேன். "வேற தண்ணி எனக்கு ஒத்துக்கிறதில்ல" என்றாள் சுவரைப் பார்த்து. காலையிலும் சாயங்காலமும் வினோத் பைக்கில் கேரியர் கொண்டுவந்தான். கேட்டால், பத்தியச் சாப்பாடாம்.

தினேஷ் வேலைக்குப் போய்விட்டால் கண்ணில் மருந்து விட வேறு ஆள் இல்லை. கவிப்பிரியாதான் துணியை விலக்கிச் சொட்டு விட்டாள். முதல் நாள் குறி தவறிப் பாதி மருந்து கன்னத்தில் வழிந்தது. வசந்தா முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அடுத்த வேளை, முகத்தைத் தானே நிமிர்த்திக் காட்டினாள். இமையை விரித்துப் பிடித்த விரலுக்கடியில் அந்தத் தோல் மெத்தென்று, காய்ச்சல்காரர்களுக்கு இருக்கிற மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை வருஷத்தில் கவிப்பிரியா அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை வினோத்தின் மகனுக்குப் பிறந்தநாள். மோகனப்பிரியா ஆரஞ்சு ரொட்டி கேட்டிருந்தாள்.

"முடியாதுன்னு சொல்லிடு சாவித்திரி. அத்த இங்கியே கீறாங்க. எப்படி செய்வேன்?"

"பொறந்தநாளுடி. அந்தப் புள்ள கேட்டுதாம். மத்தியானம் அவங்க படுக்கிற நேரத்துல செஞ்சிடு. நான் நாலு மணிக்கு வந்து எடுத்துக்கறேன்."

கவிப்பிரியா மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்தாள். காலையில் மாவு பிசைந்து மூடிவிடலாம். அது சாதாரண வேலை, வாசம் வராது. மத்தியான மருந்தை விட்டதும் அத்தை படுத்துவிடுவாள், அப்போது துருவிக்கொள்ளலாம். அடுத்த மருந்துக்குள் ரொட்டியே வெந்து, ஆறி, பெட்டிக்குள் போய்விடும்.

ஆனால் அன்று வானம் மூடிக்கொண்டது. பொழுது விடிந்ததிலிருந்து பிசுபிசுவென்று தூறல். வெயிலில் சட்டென்று பொங்கிவிடும் மாவு அன்றைக்குச் சட்டியோடு சட்டியாகக் கிடந்தது. துணியை விலக்கிப் பார்த்தாள், மூடினாள், சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் தூக்கி வைத்தாள், ஈஸ்ட் செத்துவிடுமோ என்று உடனே இறக்கினாள். ஒருவழியாக அது பொங்கி, அவள் தேய்த்து, ஆரஞ்சைத் துருவிச் சர்க்கரையோடு கசக்கி முடித்தபோது, படுக்கையறையிலிருந்து கட்டில் கிரீச்சிட்டது. அடுத்த மருந்து வேளை வந்துவிட்டது.

பத்து விரலிலும் ஆரஞ்சுத் தோலின் எண்ணெய். சோப்புப் போட்டுக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள், அப்படியே இருந்தது. புளியைத் தேய்த்துக் கழுவினாள். காப்பித்தூளைத் தேய்த்தாள். இப்போது காப்பியும் ஆரஞ்சும் சேர்ந்து மணத்தது. வாசம் காட்டிக்கொடுத்துவிடுமே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று வந்தது. இந்த எண்ணெய் அறுத்த கண்ணில் பட்டால்? எரிந்தால்? கண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? 'அவதான் மருந்து விட்டா' என்று ஊரெல்லாம் பேசும். பரபரவென்று, கேக் அலங்காரத்துக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கையுறையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

வசந்தா முகத்தை நிமிர்த்தியவள், நல்ல கண்ணால் அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இந்தக் கவரு?"

"கையி... சுத்தமா இருக்கணும்னு அத்த."

"இத்தினி நாளு வெறுங்கையிலதானே உட்ட? என்னத் தொட உனக்கு அருவருப்பா கீதா?"

கவிப்பிரியாவின் வாய்வரைக்கும் ஒரு பதில் வந்தது. வந்ததை விழுங்கினாள். கேட்டவளின் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது, அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டாள். குளியலறைக்குப் போய்த் தோல் சிவக்கிறவரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். இமையில் படாமல் புருவத்தையும் கன்னத்து எலும்பையும் மட்டும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மருந்தை விட்டாள். சொட்டு சரியாக விழுந்தது.

வசந்தாவின் மூக்கு விடைத்தது.

"எரியுதா அத்த? எரியலையே?"

"எரியல." மறுபடி மூச்சை இழுத்துப் பார்த்து, "கமலாப்பழம் உரிச்சியா?"

"ஆமா அத்த."

வசந்தா கண்ணை மூடியபடி படுத்துக்கொண்டாள். கவிப்பிரியா சமையலறைக்கு வந்து ஏடுகளை டின்னில் நிறுத்தினாள். இரண்டு ஏடு சரிந்து விழுந்தது. நேரமாகிவிட்ட பயத்தில் சரியாகப் பொங்கவிடாமலே ஓவனுக்குள் தள்ளினாள். சிறிது நேரத்தில் அந்த வாசம் கிளம்பியது. வெண்ணெயும் சர்க்கரையும் ஆரஞ்சும் சூட்டில் ஒன்றாகக் கலந்து வருகிற வாசம். ஜன்னலைத் திறந்தாள். மழைக்காற்று வாசத்தை வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே தள்ளியது.

கட்டில் மறுபடி கிரீச்சிட்டது. வசந்தா சுவரைப் பிடித்தபடி கூடத்துக்கு வந்து, சாப்பாட்டு மேஜையருகே உட்கார்ந்தாள். படுக்கையைவிட்டு அவளாக எழுந்து வந்து அங்கே உட்கார்ந்தது அன்றுதான்.

"வினோத்துக்குப் போன் போட்டுக் குடு."

கவிப்பிரியா நம்பரைப் போட்டுக் கொடுத்தாள்.

"எங்க கீற? ... எப்ப வருவ? ... சரி, வா." அவ்வளவுதான் பேசினாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தச் சில வார்த்தையை வைத்துக் கவிப்பிரியா என்னென்னவோ கட்டிவிட்டாள். அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வினோத்தோடு இப்போதே கிளம்பிவிடுவாள். மோகனப்பிரியா சாவித்திரியைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். ஏமாற்றித் தின்ன வைத்தாள் என்பார்கள். தினேஷ் வந்து, இவ்வளவு நாள் ஏன் மறைத்தாய் என்பான். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது, அதையும் சொல்ல வாய் வராது. ஓவனுக்கு முன்னால் குந்தி டார்ச்சை அடித்தாள். உள்ளே ஏடுகள் விரிந்து, ஓரம் சிவந்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாழாய்ப் போனாலாவது குப்பையில் கொட்டிவிட்டு ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கலாம் என்று தோன்றியது.

வெந்ததும் எடுத்தாள். ஆரஞ்சுச் சாற்றில் கரைத்த சர்க்கரையைச் சூட்டோடு சூடாக மேலே ஊற்றினாள். சமையலறையில் இடமில்லாததால் மேஜைக்குத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு மரப்பலகையில் கவிழ்த்து நிமிர்த்தி, மேலே சுத்தமான துணியைப் போட்டு, மேஜையின் அந்தக் கோடியில் வைத்தாள். சாவித்திரிக்குப் போன் செய்தாள்.

"வேலப்பன்சாவடி சிக்னல்ல நிக்கிறேன்டி. ஒரு வண்டியும் நவுரல. தண்ணியா நிக்குது."

"சீக்கிரம் வாடி. கெஞ்சிக் கேட்டுக்கறேன், சீக்கிரம் வா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வசந்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் துணிய எடு."

"சூடா கீது அத்த."

"எடு."

எடுத்தாள். ஆவி எழுந்தது. வசந்தா முன்னால் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நல்ல கண்ணால் ரொட்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"யாருக்கு இது?"

"ஆர்டருக்கு."

"யாரு ஊட்டு ஆர்டரு?"

கவிப்பிரியா துணியை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள்.

"கண்ணுலதான் துணி போட்டுகினு கீறேன், மூக்குல இல்ல. உன் கையி மூஞ்சிகிட்ட வந்தப்பவே தெரிஞ்சிபோச்சி. எத்தினி நாளா எங்க ஊட்டுக்கு நீ செஞ்சி அனுப்பற?"

"ஆடி மாசத்துலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

வராது என்று நினைத்த அந்த ஒரே பதில் வந்தது, அதுவும் கொஞ்சம் உரக்க. "சொன்னா துன்னிருக்க மாட்டீங்க அத்த."

வசந்தா மேஜைமேல் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கழனி வேலைக்கு ஆட்களை ஏவிய கைகள், கனமான வளையல்கள். கீழே தெருவில் வினோத்தின் பைக் வந்து நின்றது. ஸ்டாண்டு போடுகிற சத்தம். படியில் செருப்புச் சத்தம்.

கவிப்பிரியா பதறிக்கொண்டு மடித்த துணியைப் பிரித்தாள். ரொட்டியை மூடப்போன அவள் கையை வசந்தா விலக்கிவிட்டாள். விலக்கிய கையால் ரொட்டியின் நடுவில் ஒரு ஏட்டைப் பிடித்து இழுத்தாள். சூடு பொறுக்காமல் விட்டாள். மறுபடி பிடித்தாள். சர்க்கரை இழை இழையாக நீண்டு அறுந்தது.

"அத்த, அது புள்ளைக்குப் போவணும்!"

வசந்தா வாயில் போட்டுக்கொண்டாள். சூட்டுக்கு வாயைத் திறந்து திறந்து மூடி மென்றாள்.

கதவு திறந்துதான் இருந்தது. வினோத் நனைந்த தலையோடு கேரியரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவன், நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். அம்மாவைப் பார்த்தான். நடுவில் குழி விழுந்த ரொட்டியைப் பார்த்தான். கவிப்பிரியாவின் மாவு அப்பிய நைட்டியைப் பார்த்தான். எதை முதலில் கேட்பது என்று தெரியாமல், "இன்னாம்மா இது?" என்றான்.

வசந்தாவின் மோவாயில் சர்க்கரைப் பாகு ஒட்டிக்கொண்டிருந்தது. கவிப்பிரியா வினோத்துக்குத் தெரியாமல் தன் மோவாயைத் தொட்டுக் காட்டி, துடைத்துக்கொள்ளச் சொல்லி ஜாடை செய்தாள். வசந்தா அந்த ஜாடையைப் பார்த்தாள். துடைக்கவில்லை.

"கேரியர அப்படி வெய்யி" என்றாள் மகனிடம். "உன் புள்ளைக்கு ராத்திரிக்குள்ள இன்னொன்னு செய்ய முடியுமான்னு கவிய கேளு."

நூம்பலுக்கு வந்து போன இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பேர் வந்ததில்லை. கேட்கச் சொன்னதை வினோத் கேட்கவில்லை. கேரியரைக் கீழே வைக்கவுமில்லை. வசந்தா இன்னொரு ஏட்டைப் பிய்த்தாள்.

மாவு மீதி இருக்கிறதா, ஆரஞ்சு இருக்கிறதா, இந்த மழையில் மறுபடி பொங்குமா, வினோத் என்ன சொல்லப்போகிறான், எல்லாம் கவிப்பிரியாவின் தலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வினோத் பார்த்துக்கொண்டிருக்க, கையை நீட்டி, வசந்தாவின் கை இன்னும் இருந்த அந்தக் குழியின் பக்கத்திலிருந்தே ஒரு ஏட்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.